178 பேருக்கு 178 மரம்: கீழூருக்கு நாம பட்டிருக்கிற கடன்

(வில்லியனூரில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டு பகிருங்க.)



எனக்கு மேடைப்பேச்சு பழக்கமில்ல. என் வேலை போனுக்குப் பின்னாடி. போஸ்டர் போடுறது, வீடியோ வெட்டுறது, ராத்திரி ரெண்டு மணிக்கு கமெண்ட்ல சண்டை போடுறது. இன்னைக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. அதுல ஒரே ஒரு விஷயம் பேசிட்டு உட்கார்ந்துடறேன்.

முதல்ல ஒரு கேள்வி. கீழூர் இங்கிருந்து பக்கம்தான். கீழூர் நினைவிடத்துக்குள்ள போனவங்க எல்லாம் கை தூக்குங்க. பரவாயில்ல, நிறைய கை தெரியுது. இப்ப, ஆகஸ்ட் 16 விழாவுக்குக் கூட்டத்தோட போனதைக் கணக்குல எடுக்காம, சும்மா ஒரு சாதாரண நாள்ல போனவங்க மட்டும் கையை வைங்க. பாத்தீங்களா, விரல் விட்டு எண்ணிடலாம். போன வருஷம் வரைக்கும் என் கையும் கீழதான் இருந்துச்சு. இதைப் படிக்கிற நீங்களும் மனசுக்குள்ள ஒருதடவை கை தூக்கிப் பாருங்க.

அந்த இடத்துல என்ன நடந்துச்சுன்னு சுருக்கமா சொல்றேன்.

இந்தியாவுக்கு 1947 ஆகஸ்ட் 15-ல சுதந்திரம் வந்துடுச்சு. நமக்கு வரல. பிரெஞ்சுக்கொடி இங்க பறந்துக்கிட்டே இருந்துச்சு. சந்திரநாகூர் மக்கள் 1949-ல வாக்களிச்சு இந்தியா பக்கம் போயிட்டாங்க. நம்ம பக்கம் போராட்டம், தடியடி, ஊருக்கு ஊரு எல்லைக்கேட்டுன்னு போச்சு. 1954 மார்ச் 31-ல எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்துல இந்தியக்கொடி ஏத்துனார். அதே வருஷம் ஜூன்ல ஏனாம், ஜூலையில மாஹே விடுதலை ஆச்சு. மீதி இருந்தது புதுச்சேரியும் காரைக்காலும்.

1954 அக்டோபர் 18. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளோட சட்டசபை உறுப்பினர்களும் கொம்யூன்களோட கவுன்சிலர்களும் கீழூருக்கு வந்தாங்க. மொத்தம் 178 பேர். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இந்தியாவோட சேர்றதா, வேணாமா? சேரலாம்னு 170 பேர். வேணாம்னு 8 பேர். மூணே நாள்ல, அக்டோபர் 21-ல, டில்லியில ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. நவம்பர் 1-ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துடுச்சு. பிரான்ஸ் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து சட்டப்படி முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிடுச்சு. நாம ரெண்டு விடுதலை நாள் கொண்டாடுறதுக்குக் காரணம் இதுதான்.

யோசிச்சுப் பாருங்க. இவ்ளோ பெரிய முடிவு. அதை எடுத்தது பட்டணத்துல கடற்கரையோரத்துல இருக்கிற மாளிகை இல்ல. வயலுக்கு நடுவுல, எல்லையோரத்துல இருந்த ஒரு சின்னக் கிராமம். அங்க போய் வாக்களிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க கொம்யூன் கவுன்சிலருங்க. வில்லியனூரும் பாகூரும் அப்பவே தனித்தனி கொம்யூன். நம்ம தாத்தாக்கள் நேத்து வரைக்கும் ஏரித் தண்ணிப் பங்கீட்டையும் தெருவிளக்கையும் பேசிக்கிட்டிருந்த ஆளுங்ககிட்டதான் ஒரு நாட்டோட எல்லையை மாத்துற வாக்கு இருந்துச்சு.

சரி, நினைவிடம்னா என்ன?

நம்ம ஊருல இது புதுசு இல்ல. சண்டையில செத்தவனுக்கு நடுகல் வெச்ச ஜனம் நாம. இன்னைக்கும் ஊர் எல்லையில ஐயனார் கோயிலைப் பாருங்க. மண்குதிரை இருக்கும், பக்கத்துல வீரன் இருப்பான், சுத்தி மரம் இருக்கும். அந்த மரத்துல யாரும் அருவா வைக்கமாட்டாங்க. கோயில் சுவர் இடிஞ்சாகூட தோப்பு நிக்கும். மரம் நிக்கிற வரைக்கும் ஊர் அந்த இடத்தை மறக்கறதில்ல.

உலகத்துலயும் இதைச் செஞ்சிருக்காங்க. ஆஸ்திரேலியாவுல பல்லாரட்னு ஒரு ஊரு. முதல் உலகப்போருக்குப் போன அந்த ஊர்ப் பசங்களுக்காக 1917-ல இருந்து 1919 வரைக்கும் சாலையோரமா மரம் நட்டாங்க. ஒரு ஆளுக்கு ஒரு மரம், ஒவ்வொண்ணுக்கும் பேர்ப்பலகை. கிட்டத்தட்ட 4,000 மரம், சுமார் 22 கிலோமீட்டர். இதை முன்னால நின்னு செஞ்சது அரசாங்கம் இல்ல, ஒரு துணி ஆலையில வேலை செஞ்ச பொண்ணுங்க. அதிகாரிக்கு முன்வரிசை, சிப்பாய்க்குப் பின்வரிசைன்னு வைக்கல. படையில சேர்ந்த வரிசைப்படி நட்டாங்க.

நம்ம கடற்கரையிலயும் போர் நினைவுச்சின்னம் இருக்கு. குபேர் சாலையில, 1938-ல திறந்தது. முதல் உலகப்போர்ல பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியப் படைவீரர்களுக்காகக் கட்டினது. வருஷா வருஷம் ஜூலை 14-ல விளக்கு போடுவாங்க, மலர்வளையம் வைப்பாங்க. சுற்றுலாப் பயணிங்க செல்ஃபி எடுப்பாங்க. அந்தச் சிப்பாய்ங்க எல்லாம் பட்டணத்துல பொறந்தவங்க இல்ல. நம்ம கிராமங்கள்ல இன்னும் 'சொல்தா வீடு'ன்னு அடையாளம் சொல்ற வீடுங்க இருக்கு. அவங்களை இன்னொரு நாட்டுக்காகச் சண்டை போட்டவங்கன்னு சிலர் ஒதுக்குறாங்க. கூலிக்கும் குடும்பத்துக்கும் போனவன் எந்தக் கொடிக்குக் கீழ செத்தாலும் அவன் அம்மா அழுதது பாகூர்லயும் வில்லியனூர்லயும்தான்.

இப்ப என் தப்பைச் சொல்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நம்ம தொகுதியில ஒரு சாலையோரமா நூறு மரக்கன்னு நட்டோம். நான்தான் போட்டோ எடுத்தேன், வீடியோ போட்டேன், பின்னணிக்கு நல்ல இசை வெச்சேன். லைக் அள்ளுச்சு. நடும்போதே ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு ஆயா கேட்டாங்க: "தம்பி, போட்டோ எடுத்தாச்சா? இனிமே ஆட்டை விடலாமா?" எல்லாரும் சிரிச்சோம். அடுத்த சித்திரையில போய்ப் பார்த்தேன். நூறுல நாலு உயிரோட இருந்துச்சு. அந்த நாலும் ஒரு டீக்கடை வாசல்ல இருந்தது. டம்ளர் கழுவின தண்ணி போய்ச் சேர்ந்திருக்கு, பொழைச்சிருக்கு. கட்சியோட பேரைச் சொல்லி நட்ட நாங்க காப்பாத்தல, டீக்கடைக்காரர் காப்பாத்தினார். அந்த வீடியோ இன்னும் நம்ம பக்கத்துல இருக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமா இருக்கு.

அதனால இந்தத் தடவை கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கேன். இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது உதவட்டும்.

என் யோசனை இதுதான். கீழூர் நினைவிடத்துக்குப் போற வழியில 178 மரம். பாதைக்கு ரெண்டு பக்கமும் 89, 89. இருபது அடிக்கு ஒண்ணுன்னு வெச்சா ஒரு பக்கம் அரைக் கிலோமீட்டரைத் தாண்டும். எந்த இடம் சரி, எது சாலைக்கு வேணும், எங்க மின்கம்பி போகுதுன்னு கொம்யூன் அலுவலகமும் பொதுப்பணித்துறையும் சொல்லணும். கன்னு வனத்துறை நாற்றங்கால்ல கேட்போம். அனுமதி கையில வராம ஒரு குழிகூட வெட்டக்கூடாது.

என்ன மரம்? 2011 டிசம்பர் 30-ல தானே புயல் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இருக்கு. அழகுக்குன்னு வெச்ச மரம் எல்லாம் ஒரே ராத்திரியில வேரோட சாஞ்சுது. 2024-ல ஃபெஞ்சல் வந்தப்ப தென்பெண்ணை வெள்ளம் பாகூர்க் கிராமங்களுக்குள்ள புகுந்ததையும் மறக்கல. அதனால நம்ம மண்ணு மரமே போதும்: வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், இலுப்பை, தண்ணி நிக்கிற பள்ளத்துல மருதம், ஓரத்துல பனை. வில்வம் கட்டாயம் வேணும். அது புதுச்சேரியோட மாநில மரம். வில்லியனூர்ங்கிற பேரே வில்வத்துல இருந்து வந்ததா நம்ம ஊர்ப் பெரியவங்க சொல்வாங்க.

எப்ப நடணும்? அக்டோபர் 18 ஐப்பசி பொறக்கிற நேரம். வடகிழக்குப் பருவமழையும் அப்பதான் தொடங்கும். வாக்களிச்ச நாளும் நாற்று வைக்கிற நாளும் ஒண்ணா அமைஞ்சிருக்கு. மழையில வேர் பிடிச்சா பங்குனி வெயிலைத் தாங்கும்.

தண்ணி? ஒரு கன்னுக்கு 15 லிட்டர்னா 178-க்கு 2,670 லிட்டர். ஒரு டிராக்டர் டேங்கர்ல அடங்கிடும். வெயில்காலத்துல வாரத்துக்கு ரெண்டு நடை. மூணு கோடை தாண்டினா மரம் தன்னைத்தானே பாத்துக்கும். ஆட்டுக்கு முள்வேலியோ மூங்கில் கூண்டோ முதல் நாளே கட்டணும். ஆயா இன்னொரு தடவை கேட்கக்கூடாது.

இப்ப ரெண்டு விஷயம். இதுல சில அண்ணன்களுக்குக் கோபம் வரலாம்.

ஒண்ணு, கூண்டுல கட்சிக்கொடி வேணாம். தலைவர் படம் வேணாம். வாக்களிச்ச அந்த 178 பேர்ல பல கட்சிக்காரங்க இருந்தாங்க. நம்ம நிறத்தை அடிச்சா, அடுத்த ஆட்சியில இன்னொருத்தன் அவன் நிறத்தை அடிப்பான். நடுவுல செத்துப்போறது கன்னு. கட்சிக்குப் பேர் வேணும்னா மூணாவது கோடையிலயும் தண்ணி ஊத்தி வாங்குவோம்.

ரெண்டு, 170 இல்ல, 178. "எதிர்த்துப் போட்ட எட்டுப் பேருக்கும் எதுக்கு மரம்?"னு நம்ம குழுவுலயே ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில்: அந்த எட்டு வாக்கும் எண்ணப்பட்டதாலதான் அது தேர்தல். எட்டுப் பேரும் வேணாம்னு சொல்ல முடிஞ்ச இடத்துல 170 பேர் வேணும்னு சொன்னாங்க, அதுக்குத்தான் மதிப்பு. எந்த மரம் எந்தப் பக்கம்னு எழுதக்கூடாது. நிழல்ல உட்கார்றவன் அதைக் கேட்கப்போறதில்ல.

மரத்துக்கு அடுத்த வேலை பேரு. இது ஐடி விங் வேலை. 178 பேரோட பேர், ஊரு, கொம்யூன், எல்லாத்தையும் ஒரே பட்டியலா நாம தொகுக்கணும். தேசிய ஆவணக் காப்பகத்தோட கிளை புதுச்சேரியிலயே இருக்கு. குடும்பங்கள்கிட்ட பழைய போட்டோ, கடிதம், அடையாள அட்டை இருக்கும். முதல் உலகப்போர்ல செத்தவங்களுக்கு பிரான்ஸ் பாதுகாப்பு அமைச்சகம் இணையத்துல இலவசமாவே பதிவேடு வெச்சிருக்கு, 'மெமுவார் தேஸோம்'னு பேரு. பேரை பிரெஞ்சு எழுத்துமுறையில தேடணும், நம்ம 'உ'வுக்கு அவங்க ஓ, யூ ரெண்டு எழுத்து போடுவாங்க. நம்ம கொம்யூன் பேரும் பிரெஞ்சு எழுத்துலதான் இருக்கும். மீம் போடுற நேரத்துல பாதி கொடுத்தா போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: உறுதியாகாத பேரைப் பலகையில ஏத்தக்கூடாது. நினைவிடத்துல தப்பான பேரு வெறும் எழுத்துப்பிழை இல்ல, அவமரியாதை.

கடைசியா, இதுதான் முக்கியம்.

கீழூர்ல வாக்களிச்சவங்க மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலருங்கன்னு சொன்னேன். இன்னைக்கு உங்க கொம்யூன் கவுன்சிலர் யாரு? பேர் சொல்லுங்க பாப்போம். சொல்ல முடியாது. ஏன்னா ஆளே இல்ல. புதுச்சேரியில 1968-ல உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சு. அடுத்தது 38 வருஷம் கழிச்சு 2006-ல, அதுவும் நீதிமன்றப் படியேறின பிறகு. அவங்க பதவிக்காலம் 2011-ல முடிஞ்சுது. அதுக்கப்புறம் தேர்தலே நடக்கல. 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாத்தையும் அதிகாரிகள்தான் நடத்துறாங்க. அவங்களைக் குறை சொல்லல. ஆனா தெருவிளக்கு எரியலன்னா ஓட்டுக் கேட்டு வந்தவர் சட்டையைப் பிடிச்சுக் கேட்கிற உரிமை நமக்கு இல்ல. இதுல எந்த ஆட்சியும் தப்பிக்க முடியாது. நம்ம கட்சியும் இன்னும் சத்தமா பேசியிருக்கணும்.

கவுன்சிலருங்க வாக்களிச்சு இந்தியாவோட சேர்ந்த மண்ணு இது. அந்த மண்ணுல கவுன்சிலர் தேர்தல் இல்ல. ஆகஸ்ட் 16-ல கீழூர்ல மலர் தூவுற ஒவ்வொருத்தர்கிட்டயும் இதைக் கேட்கணும்: இவங்க உட்கார்ந்த நாற்காலியை எப்ப திரும்பக் கொடுப்பீங்க?

நினைவிடத்தை மீட்கிறதுன்னா வெள்ளை அடிக்கிறது மட்டும் இல்ல. மரம், பேரு, நாற்காலி, மூணும் திரும்பி வரணும். மரமும் பேரும் நம்ம கையில இருக்கு. நாற்காலியைப் போராடித்தான் வாங்கணும்.

இப்ப செய்ய வேண்டியது:

1. வில்லியனூர், பாகூர் தொண்டர்கள் ஆளுக்கு ஒரு மரம் பொறுப்பேத்துக்கங்க. மூணு வருஷம். முடியாதுன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிடுங்க, அது பெரிய உதவி.

2. வீட்டுல 1954 பத்தித் தெரிஞ்ச பெரியவங்க இருந்தா, இந்த வாரமே உட்கார வெச்சு போன்ல பதிவு பண்ணுங்க. அந்த வயசுல அடுத்த வாரம்னு தள்ளிப்போடக்கூடாது.

3. உள்ளாட்சித் தேர்தல் கேட்டு நாம கொடுக்கப்போற மனுவுல கையெழுத்துப் போடுங்க. மாற்றுக்கட்சி நண்பர்கிட்டயும் வாங்குங்க.

நட்ட அன்னைக்கு போட்டோ போடமாட்டேன். மூணாவது சித்திரையில, மத்தியான வெயில்ல, அந்த ஆயா ஆட்டோட வந்து மரத்தடியில உட்கார்ந்திருக்கும்போது எடுத்துப் போடறேன். அதுக்கு லைக் வராட்டியும் பரவாயில்ல.



#கீழூர்178 #உள்ளாட்சித்தேர்தல்எங்கே