காரில் ஒரு நாள் தலயாத்திரை

அநுராதபுரத்திலிருந்து மிகிந்தலைக்கு ஏறக்குறைய 8 மைல் தூரமே. காரில் செல்வோர், எதை முதலிற் கண்டால் என்ன என்று எண்ணிவிடுவர். யானும் அவ்வாறெண்ணி, முதிய என் தாயாரை நண்பகலில் ருவன்வெலிசாய முற்றத்துக்கு அழைத்துச் சென்றேன். பாதரட்சையைக் கழற்றியே உட்புகல் வேண்டும். கற்றளமோ அனலாய்க் கொதித்தது. பாதி வலம் வருமுன்னரே அன்னையார் திரும்பிவிட்டார். காரில் ஒரு வார்த்தையும் பேசினாரில்லை.

ஆகவே, பயணத்தை வெயிலறிந்து வகுத்தல் வேண்டும். விடியற்காலையில் மிகிந்தலையை அடைவது நலம். அங்கே படிகள் 1,840 என்பர். அஞ்ச வேண்டா, மலையின் இடைத்தளம் வரை கார் செல்லும் பாதை உண்டு. எஞ்சிய படிகளை ஆறுதலாக ஏறலாம். கட்டுச்சோற்றுடன் நண்பகலை மரநிழலிற் கழித்து, வெயில் தாழ்ந்தபின் அநுராதபுரம் திரும்பி, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நடப்பெற்ற வெள்ளரசையும், பின் ருவன்வெலிசாயவையும் வழிபடலாம். வெண்ணிற ஆடை பொருத்தமானது. ஜூன் மாதப் போசன் பூரணையில் சனநெரிசல் மிகுதி. முதியோருடன் செல்வோர் வேறு நாளைத் தெரிக.

மறு ஆண்டு அவ்வாறே சென்றோம். மாலையில் அன்னையார் மும்முறை வலம்வந்தார், பின்தங்கியவன் யானே.