பிள்ளைகளின் அவையில் ஒரு புதிய நூல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரியோர்க்கென எழுதப்படும் நூலைப் படிப்பவரே தேர்ந்தெடுக்கிறார். விலை கொடுத்து வாங்குபவரும் அவரே. குழந்தை நூலின் நிலை வேறு. எழுதுபவர் பெரியவர், அச்சிடுபவர் பெரியவர், வாங்குபவர் பெற்றோரோ ஆசிரியரோ, பரிசுக்குரியதெனத் தீர்ப்பளிப்பவரும் பெரியவரே. எவருக்காக நூல் பிறந்ததோ அந்தக் குழந்தையின் குரல் மட்டும் இவ்வரிசையில் எங்கும் கேட்பதில்லை. ஆதலின் குழந்தை எழுத்தாளர் தம் புதிய நூலுடன் பள்ளிக்குச் செல்வதை விளம்பரம் என்று கருதிவிடலாகாது. விடுபட்டுப் போன வாசகரைத் தேடிச் செல்லும் கடமை அது.

தமிழில் குழந்தைப் பாட்டு ஏட்டில் ஏறுமுன்பே நாவில் வாழ்ந்தது. தாலாட்டும், நிலாக் காட்டிச் சோறூட்டும் பாட்டும், தெருவில் ஆடிக்கொண்டே பாடும் பாட்டும் ஆக்கியோன் பெயரின்றியே வழிவழியாக வந்தன. திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியைப் பிள்ளைகள் காதால் கேட்டு, வாயால் சொல்லியே நெஞ்சில் பதித்தனர். பாடுகின்ற தாய், பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அக்கணமே மெட்டை மாற்றுவாள், சொல்லையும் மாற்றுவாள். அச்சு நூலின் ஆசிரியருக்கோ அந்த முகம் தெரிவதில்லை. பாரதியாரின் பாப்பா பாட்டும், கவிமணியின் 'மலரும் மாலையும்' (1938) தொகுதியிலுள்ள குழந்தைப் பாடல்களும் நிலைத்தமைக்குக் காரணம், அச்சில் வந்தும் அவை வாய்மொழியின் எளிமையை இழக்காமைதான்.

இவ்வழியில் வந்தவர் அழ. வள்ளியப்பா. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள இராயவரத்தில் 1922-இல் பிறந்து, வங்கியில் பணியாற்றிக்கொண்டே பிள்ளைகளுக்காக எழுதியவர். 1944-இல் அவர் வெளியிட்ட 'மலரும் உள்ளம்' 23 பாடல்கள் மட்டுமே கொண்ட சிறு நூல். 1954-இல் அது 135 பாடல்களாக விரிந்தது. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் அமைப்பு இந்தப் பத்தாண்டை எண்ணிப் பார்ப்பது தகும். இவ்விடைக் காலத்தில், 1950-இல், குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அதற்காக முன்னின்று உழைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். 'பூஞ்சோலை', 'கோகுலம்' முதலிய சிறுவர் இதழ்களின் ஆசிரியராகவும் விளங்கினார். பாட்டை எழுதியதோடு தம் பணி முடிந்ததென அவர் எண்ணவில்லை. அது பிள்ளைகளிடம் சென்று சேரும் வழியையும் அமைத்தார்.

அவர் 1989-இல் மறைந்தார். மாம்பழத்தைப் பற்றிய அவர் பாட்டோ இன்றும் மழலையர் வகுப்புகளில் ஒலிக்கிறது. பாடும் பிள்ளைகளுள் பலர் அவர் பெயரை அறியார். ஆக்கியோன் பெயர் மறைந்து, தாலாட்டோடு தாலாட்டாகப் பாட்டு கலந்துவிடுவதே குழந்தைக் கவிஞன் அடையும் உயர்ந்த பேறு. பெயரைப் பெரிதும் விரும்பும் கவிஞர் உலகம் இப்பேற்றை மனமுவந்து ஏற்குமா என்பது எண்ணத்தக்க வினா.

இத்தகைய பாட்டுகள் நிலைப்பதன் நுட்பம் யாது? அடிகள் குறுகியவை, ஓரடிக்கு ஒரு காட்சியே உண்டு, அடியிறுதியில் இயைபு விடாமல் ஒலிக்கும், வந்த சொல்லே மீண்டும் வந்து அடுத்த அடிக்குக் கைகொடுக்கும். இவை யாவும் யாப்பிலக்கணம் கற்றோர் அறிந்தவையே. ஆயினும் எழுதிய அடி நீண்டுவிட்டதா என்பதை அசை பிரித்துப் பார்ப்பதைவிட, ஏழு வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பார்ப்பதே விரைவில் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் முறை படிக்கும்போது, படிப்பவர் முடிக்குமுன்பே பிள்ளைகள் முந்திக்கொண்டு சொல்லும் அடி எதுவோ, அதுவே வெற்றி பெற்ற அடி. ஜன்னலுக்கு வெளியே அவர்கள் பார்வை ஓடும் இடம் எதுவோ, அங்கே திருத்தம் தேவை. குழந்தையின் கொட்டாவிக்கு ஈடான நேர்மை எந்த மதிப்புரைக்கும் இல்லை.

பள்ளிக்குச் செல்லும் நூலுக்குத் தடைகளும் உண்டு. முதல் தடை விழா. வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, நன்றியுரை என நேரம் ஓடிவிட, வெயிலில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நூலிலிருந்து ஒரு பக்கம் படித்துக் காட்டவும் பொழுதிராது. இரண்டாம் தடை அலமாரி. கொடையாக வந்த நூல் இருப்புப் பதிவேட்டில் எண் பெற்று, கிழிந்துவிடும் என்னும் அச்சத்தால் பூட்டுக்குள் உறங்கும். பிள்ளைகளின் கைபட்டுக் கிழிந்த நூலே தன் பிறவிப் பயனை அடைந்தது. மூன்றாம் தடை வினாத்தாள். சிரித்துக்கொண்டே கேட்ட பாட்டை மறுநாள் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' ஆக்கினால், பிள்ளை அந்நூலை மறுபடி தொடாது.

நம்பிக்கை தரும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கென 2023-இல் தொடங்கப்பெற்ற வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற எனப் படிநிலை வகுத்துச் சிறு சிறு கதை நூல்களை மாணவர் கைக்குக் கொண்டு சேர்த்தது. பாடநூலுக்கு அப்பாலும் பிள்ளைக்குப் படிக்கும் உரிமை உண்டு என்பதற்கு அது ஒரு சான்று. அரசு வழி திறக்கலாம்; அவ்வழியே நடந்து சென்று பிள்ளைகளின் முன் அமர வேண்டியவர் எழுத்தாளரே.

இவ்வட்டத்தில் கவிஞர் தம் புதிய கவிதையைப் படிப்பதும், ஏனையோர் குறை நிறை கூறுவதும் வழக்கம். குழந்தைகளுக்கென எழுதப்படும் பாட்டுக்கு மட்டும் இந்த அவை போதாது. பதினோராம் ஆண்டில், வட்டத்தின் சார்பில் வெளிவரும் எந்தக் குழந்தை நூலும், கையெழுத்துப் படியாக இருக்கும்போதே ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பில் படிக்கப்பெறட்டும். மேடையும் மாலையும் இன்றிப் படிக்கப்பெறட்டும். அங்கே பிள்ளைகள் மறுத்த பாட்டை நீக்கும் துணிவு கவிஞர்க்கு வேண்டும். நூறு பாட்டு இருபத்து மூன்றாகக் குறைந்தாலும் வருந்த வேண்டியதில்லை. 'மலரும் உள்ளம்' அந்த அளவில்தான் பிறந்தது.