கலை, விளையாட்டுக் கல்வியில் மேற்படிப்பு



தமிழில் ஒரு பிள்ளையைக் கண்டிக்க வேண்டுமானால் 'விளையாட்டுப் பிள்ளை' என்கிறோம். சினம் மிகுந்தால் 'என்ன கூத்தடிக்கிறாய்?' என்கிறோம். விளையாட்டும் கூத்தும் இப்படி வசைச் சொற்களாகிவிட்ட வீடுகளில், அவ்விரண்டிலும் முதுகலைப் பட்டம் உண்டு என்று சொன்னால் பெற்றோர் ஐயுறுவதில் வியப்பில்லை. அரசு ஏடுகளைத் தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. கலையையும் விளையாட்டையும் குறிக்கக் கல்வித் துறையில் நெடுங்காலம் வழங்கிய தொடரைப் பெயர்த்தால் 'பாடத்துக்குப் புறம்பானவை' என்றே பொருள்படும். பாடம், புறப்பாடம் என்ற சுவர் கூடாதென்று 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை கூறிவிட்டது. நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு இன்னும் மாறவில்லை.

நான் வாழும் பத்துபஸ்தி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயரை அடுத்த குடியிருப்பு. அண்மையில் இங்கு ஒரு தாயார் என்னிடம், "அண்ணா, மகள் பி.ஏ. முடிக்கப் போகிறாள். ஓட்டத்தில் கெட்டிக்காரி. உடற்கல்வியில் மேலே படிக்கலாமாமே? கடல் தாண்டி இரண்டு வருஷம் அனுப்பினால் வீண் போகாதே?" என்று வினவினார்.

இரண்டு வருஷம் என்ற கணக்கிலேயே பிழை இருக்கிறது. உடற்கல்வியின் முதுகலைப் பட்டமான எம்.பி.எட். படிக்க, அத்துறையின் இளநிலைப் பட்டம் முன்னரே வேண்டும். பி.ஏ. பெற்றவர் முதலில் பி.பி.எட். முடித்தாக வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டு படிப்புக்கும் இரண்டிரண்டு ஆண்டுகள். ஆக, நான்கு ஆண்டுகள். சென்னை நமக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவு. கப்பலில் மூன்று நாள் வழி. நான்கு ஆண்டுச் செலவையும் பிரிவையும் ஒரு குடும்பம் தாங்குமா என்பதைக் கப்பலேறுமுன் கணக்கிடுவதே நலம். பாதியில் திரும்பி வருவதைவிடத் துயரம் வேறில்லை.

அத்தனை ஆண்டுகள் படிக்க அப்படி என்ன இருக்கிறது? விசில் ஊதுகிற 'டிரில் மாஸ்டர்' வேலைக்கு இவ்வளவு படிப்பா என்பார்கள். உடலியக்க அறிவியல், விளையாட்டு உளவியல், அளவீடு, ஆராய்ச்சி முறை ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. இவற்றின் பயனை நம் தீவின் காற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. ஈரம் நிறைந்த கடற்காற்றில் வியர்வை வழியுமேயன்றி எளிதில் உலராது. உடலின் வெப்பமோ ஏறிக்கொண்டே போகும். இதை அறியாத ஆசிரியர், தள்ளாடும் சிறுவனைச் சோம்பேறி என்று கருதி இன்னும் இரண்டு சுற்று ஓடச் சொல்வார். அறிந்தவர் நிழலில் அமர்த்தித் தண்ணீர் கொடுப்பார். வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகள் இன்னும் முற்றாத குருத்தெலும்பு; அங்கே அடிபட்டால் வளர்ச்சியே குன்றக்கூடும். இரத்தச் சோகையுள்ள பெண் விரைவில் களைத்துவிடுவாள். அவளுக்கு வேண்டியது அதட்டல் அன்று, வைத்தியம்.

திறமைக்குத் தீவில் பஞ்சமில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் உயிர் தப்பிய சிறுமி டெபோரா ஹெரால்டு, பின்னாளில் மிதிவண்டிப் பந்தயங்களில் இந்தியாவின் சார்பில் போட்டியிட்டார். இத்தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பென் 2018இல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக இளையோர் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பதக்கம் பெறாத நூறு பிள்ளைகளின் உடலையும் அறிந்து பேணுகிறவரையே நான் ஆசிரியர் என்பேன்.

இக்கல்விக்குத் தமிழகத்தில் பழைய வேர் உண்டு. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். குவாலியரின் இலட்சுமிபாய் நிறுவனம் 1957இல் தோன்றியது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005இல்.

கலைக்கு வருவோம். 1985இல் நிறுவப்பெற்ற புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சட்டம், அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் அதன் எல்லைக்குள் வைத்தது. அங்குள்ள நிகழ்கலைத் துறை சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் தாங்கியது. பொருத்தமான பெயர். 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே நாடக சபை அமைத்தவர் அவர். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். பாலர் சபைகளில் பிள்ளைகள் தெளிந்த தமிழ் உச்சரிப்பையும் பாட்டையும் கற்றார்கள் என்பது உண்மை. பெற்றோரைப் பிரிந்து கடுமையான கட்டுப்பாட்டில் வாடினார்கள் என்பதும் உண்மை. இன்றைய கல்வி நாடகத்தில் பிள்ளையே கதையை உருவாக்குகிறான். மனனம் செய்து ஒப்பிப்பதோடு அது முடிவதில்லை. தேசிய நாடகப் பள்ளி இதற்கென 1989இல் தனிக் குழு ஒன்றைத் தொடங்கியது. வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நம்மோடு கலந்து இந்தியில் பேசி வாழும் இவ்வூரில், தமிழ்க் குழந்தை நாக்குத் திருந்தத் தமிழ் பேசுவதற்கு இதைவிட இனிய வழி எனக்குத் தெரியவில்லை. பொதுவாக வேறு பாடத்தில் பட்டம் பெற்றவரும் நாடக முதுகலைக்கு விண்ணப்பிக்க இடமுண்டு. ஆகவே இங்கே கணக்கு இரண்டே ஆண்டுகள்.

இரண்டு துறைகளிலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு உண்டு. அதில் தேறினால் கல்லூரி ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். உத்தியோகம் கைமேல் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளின் போட்டிச் சான்றிதழ்களைப் பெற்றோர் பத்திரப்படுத்த வேண்டும். பள்ளி, மாவட்ட அளவில் கலந்துகொண்ட சான்றும் பி.பி.எட். சேரும்போது பயன்படும். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. இறுதியாண்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் ஓராண்டு போய்விடும். உடல்திறன் சோதனை இருந்தால் நேரில் செல்ல நேரும். வானிலை கெட்டால் கப்பல் நாள் தவறும். சோதனை நாளுக்குப் பத்து நாளேனும் முந்திய கப்பலில் இடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.