கூரையில் பெய்யும் மழை யாருக்கு?

 

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூரில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். தெருத்தெருவாகக் குடங்கள் வரிசையில் நின்றன. லாரித் தண்ணீரின் விலை ஏறியது. ஆயிரக்கணக்கான போர் கிணறுகள் வற்றின. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வேலையை விட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.

ஆனால் பெங்களூர் மழை இல்லாத ஊரா? இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

பெங்களூர் மேட்டு நிலம். பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. அதனால் அந்தக் காலத்து மக்கள் பள்ளம் பார்த்து ஏரி வெட்டினார்கள். ஓர் ஏரி நிறைந்தால், கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். ஏரியில் நீர் இருந்தால் சுற்றிலும் உள்ள கிணறுகளிலும் ஊறும்.

பிறகு ஊர் பெருத்தது. தர்மாம்புதி ஏரி இருந்த இடம் இன்று கெம்பேகவுடா பஸ் நிலையம். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டு அரங்கம் நிற்கிறது. 1974 முதல் காவிரித் தண்ணீர் வருகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம் பம்பு வைத்து மேலே ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அதற்கு நிறைய மின்சாரம் வேண்டும்.

தாரும் சிமெண்டும் மண்ணை மூடிவிட்டன. மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லை. சாக்கடைக்கு ஓடுகிறது. மூடாத சில இடங்களில் புல் இல்லை, மரம் இல்லை. அங்கே மழை மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. அந்த மண் ஏரியில் வண்டலாகப் படிகிறது. ஏரியின் ஆழம் குறைகிறது.

போர் கிணறு தண்ணீரை எடுக்கும். திருப்பிக் கொடுக்காது. உண்டியலில் காசு போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன மிஞ்சும்?

உண்டியலில் போடும் வழி ஒன்று உண்டு. அதுதான் மழைநீர் இறங்கும் உறைகிணறு. பெங்களூர்ப் பக்கம் 'மண்ணு வட்டர்' என்ற மக்கள் பரம்பரையாகக் கிணறு வெட்டுகிறவர்கள். போர் வந்த பிறகு அவர்களுக்கு வேலை குறைந்தது. 2015-இல் 'பத்து லட்சம் கிணறுகள்' என்ற இயக்கம் தொடங்கியது. பயோம் அறக்கட்டளை அவர்களோடு சேர்ந்து நின்றது. மறுபடியும் அவர்கள் கையில் கடப்பாரை வந்தது. கப்பன் பூங்காவில் தூர்ந்து கிடந்த பழைய கிணறுகளை அவர்கள் தூர் வாரினார்கள். மழைநீர் இறங்கப் புதுக் கிணறுகளும் வெட்டினார்கள்.

இந்தக் கிணறு எப்படி இருக்கும்? அகலம் 3 அடி. ஆழம் 20 அடி அல்லது அதற்கு மேல். சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். அடியில் சிமெண்ட் பூச மாட்டார்கள். கூரைத் தண்ணீரை முதலில் ஒரு சிறிய தொட்டியில் விடவேண்டும். மண்ணும் சருகும் அங்கே தங்கிவிடும். தெளிந்த நீர் கிணற்றுக்குள் போகும். கிணற்றுக்கு நல்ல மூடி வேண்டும். குழந்தைகள் விழக்கூடாது. கொசுவும் போகக்கூடாது. சாக்கடை நீரை ஒருபோதும் விடக்கூடாது.

ஒரு கிணறு வெட்டினால் மறுநாளே போரில் தண்ணீர் வந்துவிடாது. தெருவெங்கும் வெட்டவேண்டும். பல மழை இறங்கவேண்டும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை. நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவை மழையில் திறந்த வெளியில் வையுங்கள். மழை விட்டதும் அடிக்கோலால் தண்ணீரின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். 1 சென்டிமீட்டர் மழை என்றால், 1,000 சதுர அடிக் கூரையில் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. 15 லிட்டர் குடத்தில் 60 குடம்! 90 சென்டிமீட்டர் மழைக்கு எத்தனை குடம்? 5,400 குடம். கொஞ்சம் சிந்திப் போனாலும் மீதி எவ்வளவு!

எங்கள் வீடு சின்னது, கிணற்றுக்கு இடம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சில வீட்டுக் கூரைகளுக்குச் சேர்த்து ஒரு கிணறு வெட்டலாம். பள்ளிக்கூட மைதானத்தில் வெட்டலாம். கோயில், மசூதி, சர்ச் வாசலில் வெட்டலாம். செலவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளலாம். நோட்டில் எழுதிய கணக்கைக் கொண்டுபோய் வார்டு அலுவலகத்தில் காட்டிக் கேட்கலாம். எழுதப் படிக்கக் கற்றது இதற்கும்தானே!

அடுத்த மழை பெய்யும்போது வாசலில் நின்று பாருங்கள். உங்கள் கூரைத் தண்ணீர் எங்கே போகிறது? மண்ணுக்கா, சாக்கடைக்கா?