முதலிடம் பெற்ற திருச்சபையும் மற்றையோர் உரிமையும்



பெரும்பான்மையோர் மதத்துக்கு அரசியலமைப்பில் முதலிடம் கொடுப்பதால் உங்களுக்கு என்ன நட்டம் என்று நம்மை வினவுகின்றனர். 1972 இலும் 1978 இலும் இலங்கை அரசியலமைப்புகள் பௌத்தத்துக்கு முதன்மை ஸ்தானம் வழங்கிய நாள் தொட்டு இவ்வினா ஓய்ந்ததில்லை. விடை காணக் கிரேக்க நாட்டை நோக்குவோம். அங்கே முதலிடம் கிறிஸ்தவத் திருச்சபைக்கு. இன்னலுற்றோருள்ளும் கிறிஸ்தவர் உளர்.

1975 ஆம் ஆண்டின் கிரேக்க அரசியலமைப்பு ஓர்தொடொக்ஸ் திருச்சபையை மேலோங்கிய மதம் என்கிறது. மதச் சுதந்திரமும் தருகிறது. தந்த கையோடு மதமாற்ற முயற்சியைத் தடுக்கிறது. அதனைக் குற்றமாக்கிய சட்டம் 1938 இல் சர்வாதிகாரி மெத்தக்சாஸ் இயற்றியது. கிரேத்தாத் தீவினரான மினோஸ் கொக்கினாகிஸ் என்னும் யெகோவாவின் சாட்சி, அறுபது தடவைக்கு மேல் கைதானவர். 1986 இல் ஓர்தொடொக்ஸ் ஆலயப் பாடகர் ஒருவரின் இல்லஞ் சென்று, அவர் மனைவியாரோடு சமயம் பேசியதற்காகத் தண்டனை பெற்றார். 1993 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அத்தண்டனை உரிமை மீறல் என்றது. சட்டத்தையோ அது புறந்தள்ளவில்லை.

சிறைக்கதவு எவர் கண்ணுக்கும் தெரியும்; அனுமதிப் பத்திரம் தெரிவதில்லை. வழிபாட்டிடம் திறக்க அமைச்சின் அனுமதி வேண்டும். அதற்கு அவ்வூர் ஓர்தொடொக்ஸ் மேற்றிராணியாரின் கருத்தும் 2006 வரை கேட்கப்பட்டு வந்தது. போட்டிக் கடைக்காரரிடம் கேட்டுக் கடை திறப்பது போன்றிருந்தது அது! 1983 இல் இராக்கிலியோன் நகரில் வாடகை அறையொன்றில் வழிபட விண்ணப்பித்தோர் விடையின்றிக் காத்திருந்தனர். ஈற்றில் அவர்கள் மீதே வழக்கு வந்தது. 1996 இல்தான் நீதி கிடைத்தது. இலங்கையிலும் 2008 இல், புதிய வழிபாட்டிடங்களுக்கு அமைச்சின் முன்னனுமதி வேண்டுமெனச் சுற்றறிக்கை வந்ததை நாம் மறந்திலோம்.

உத்தியோகத்தர் கருத வேண்டியது மற்றொன்று. மதக் கொள்கையால் இராணுவச் சீருடை அணிய மறுத்துச் சிறை சென்ற கிரேக்கர் ஒருவர், 1988 இல் பட்டயக் கணக்காளர் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார். நியமனம் மறுக்கப்பட்டது. பாரிய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட எவருக்கும் அப்பதவி இல்லை, சட்டம் யாவர்க்கும் ஒன்றே என்றது அரசு. திருடனும் மனச்சாட்சிக்குப் பணிந்தவனும் ஒன்றா? தக்க காரணமின்றி, வேறுபட்ட நிலையினரை ஒன்றுபோல் நடத்துவதும் பாகுபாடே என 2000 இல் அந்நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது.

'ஒரே நாடு, ஒரே சட்டம்' என்று 2021 ஒக்ரோபரில் இலங்கை ஜனாதிபதி ஒரு செயலணி அமைத்தார். தலைமை பௌத்த தேரர் ஒருவருக்கு. முதலில் வெளிவந்த பதின்மூவர் பட்டியலில் தமிழர் ஒருவரேனும் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே சேர்த்தனர்.