வால்காவை இழுத்தவர்கள்

(எமது வாசிப்பு வட்டத்தின் ஞாயிறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். இன்றைக்குப் பேசப்போவது சம்பளப் பேச்சுவார்த்தை பற்றி அல்ல. ரஷ்யாவில் ஓடும் வால்கா என்ற ஆற்றைப் பற்றி. "ஆத்தப் பத்திப் பேச சங்கம் எதுக்கு?" என்று நேற்றுப் பிரட்டுக்களத்தில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். பேசி முடித்தபிறகு அவரே சொல்லட்டும்.

சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். பாடசாலை நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு பழைய புத்தகத்தில் இருந்தது. மணற்கரையில் பதினொரு ஆண்கள், கந்தல் உடுப்போடு, நெஞ்சில் தோல் வாரைப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய படகை இழுக்கிறார்கள். இலியா ரெப்பின் என்ற ஓவியர் 1870இலிருந்து 1873 வரை வரைந்தது. வகுப்பில் காட்டியபோது ஒரு பிள்ளை கேட்டது: "ஏன் சேர், அங்க மாடு, குதிரை இல்லியா?" இருந்தது. ஆனால் குதிரையை வாங்க வேண்டும், தீனி போட வேண்டும், செத்தால் நட்டம். மனிதன் தானாக வந்து வரிசையில் நின்றான். இதே படத்தை லயத்துக்கு எடுத்து வந்தபோது ஒரு அம்மாயி சொன்னது வேறு: "அவுங்களுக்கு நெஞ்சில வாரு. எங்களுக்குத் தலையில கயிறு." கொழுந்துக் கூடையை நாற்பது வருடம் சுமந்த தலை அது. நாங்கள் படித்த எந்த விளக்கத்திலும் இப்படி ஒரு வரி இல்லை.

முதலில் ஆற்றைத் தெரிந்துகொள்வோம். வால்காவின் நீளம் ஏறத்தாழ 3,530 கிலோமீற்றர். ஐரோப்பாவிலேயே மிக நீண்ட ஆறு. நமது மகாவலி 335 கிலோமீற்றர். அதைப்போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வால்கா பிறக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 228 மீற்றர்தான் உயரம். நமது மலைகளோடு பார்த்தால் அது மேடே இல்லை. அவ்வளவு தூரத்தை அவ்வளவு சின்னச் சரிவில் ஓடி, காஸ்பியன் கடலில் போய் விழுகிறது. அதனால் பாய்ச்சல் இல்லை, சோம்பலான ஓட்டம். மகாவலியில் யாரும் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு மலைக்கு ஏற முடியாது. வால்காவில் முடிந்தது. முடிந்ததால்தான் அந்தப் பதினொரு பேருக்கு அந்தத் தொழில் வந்தது.

அந்த ஆறு ஒரு பெரிய வீதி. 922இல் பாக்தாத்திலிருந்து தூது போன இப்னு பழ்லான் என்பவர் அதன் கரையில் கண்ட வணிகர்களையும், இறந்த தலைவனைப் படகோடு வைத்து எரித்த சடங்கையும் எழுதி வைத்தார். ஐந்நூறு வருடம் கழித்து, வால்காக் கரையிலுள்ள திவேர் என்ற ஊரிலிருந்து அபனாசி நிகீத்தின் என்ற வியாபாரி ஆற்றோடு இறங்கி, வழியில் கொள்ளையடிக்கப்பட்டு, திரும்பிப் போனால் கடன்காரர்கள் பிடிப்பார்கள் என்று மேலும் தெற்கே போய், இந்தியா வரைக்கும் வந்துவிட்டார். ஒரு குதிரையை விற்று இலாபம் பார்க்கலாம் என்று கொண்டுவந்து பட்ட பாட்டையெல்லாம் எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பில் இலங்கையும் வருகிறது. இங்கே வந்தவரல்லர், கேள்விப்பட்டதை எழுதினார். உயர்ந்த மலையில் ஆதாம் இருப்பதாக அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மலை எது என்று மஸ்கெலியாப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் வீட்டு முற்றத்திலிருந்து அதன் விளக்குகளைப் பார்க்கிறவர்கள் நாம்.

ஜார் மன்னன் நான்காம் இவான் 1552இல் கசானையும் 1556இல் அஸ்திரகானையும் பிடித்தபிறகு ஆறு முழுக்க ரஷ்ய அரசின் கைக்கு வந்தது. பள்ளிப் புத்தகத்தில் இருப்பது இந்த வெற்றிதான். ஆனால் அந்தக் கரையின் சனங்கள் பாட்டாகப் பாடியது இவானை அல்ல, ஸ்தெங்கா ராசினை. 1670இல் ஓடிப்போன பண்ணையடிமைகளையும் கொசாக்குகளையும் சேர்த்துக்கொண்டு வால்காக் கரை நகரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தவன். சிம்பீர்ஸ்கில் தோற்றான். 1671இல் மாஸ்கோவில் வெட்டிக் கொன்றார்கள். நூறு வருடம் கழித்து புகச்சோவ் அதே கரைகளில் எழுந்தான், அவனுக்கும் அதே முடிவு. அவன் கிளர்ச்சி தொடங்கியது யாயிக் என்ற இன்னொரு ஆற்றின் கரையில். மகாராணி இரண்டாம் கத்தரீன் 1775இல் அந்த ஆற்றின் பெயரையே உரால் என்று மாற்றிவிட்டாள், சனங்கள் மறக்கவேண்டும் என்று. எவ்வளவு பயந்திருந்தால் ஆற்றுக்குத் தண்டனை கொடுப்பார்கள்! சனங்கள் மறந்தார்களா என்றால் இல்லை. புஷ்கின் என்ற பெரும் கவிஞர் அந்தக் கிளர்ச்சியைப் பற்றி ஒரு வரலாறும் ஒரு நாவலும் எழுதினார்.

இனிப் படத்துக்கு வருவோம். படகு இழுத்தவர்களுக்கு புர்லாக் என்று பெயர். வசந்தத்தில் பனிக்கட்டி உருகியதும் ஆற்றங்கரைச் சந்தைகளில் கூடி நிற்பார்கள். முதலாளி ஆள் பார்த்து முன்பணம் கொடுப்பான். முன்பணம் வாங்கியவன் தன் அடையாளப் பத்திரத்தை முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். பயணம் முடியும்வரை அது அவன் கையில். உப்பும் தானியமும் மீனும் ஏற்றிய படகை ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராக மாதக்கணக்கில் இழுக்க வேண்டும். பாதியில் ஓடினால் பத்திரம் இல்லாதவன், பிடிபடுவான்.

நமக்கு இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறது அல்லவா? கங்காணியின் முன்பணமும், எவ்வளவு கடன் என்று எழுதிய துண்டும் இல்லாமல் நமது பாட்டன்மார் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்தது. அந்தத் துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தது 1921இல். ஆற்றுக்கும் மலைக்கும் தூரம் அதிகம். கடன் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் தந்திரம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ரெப்பின் இந்த மனிதர்களை முதலில் கண்டது வால்காவில் அல்ல, தலைநகரின் நேவா ஆற்றில். நல்ல உடுப்புப் போட்டவர்கள் உல்லாசமாகப் பொழுதுபோக்கிய இடத்தருகே இவர்கள் படகை இழுத்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகுதான் அவர் வால்காவுக்குப் போய், இழுப்பவர்களோடு பழகி, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக வரைந்தார். முன்னால் நிற்கும் தாடிக்காரரின் பெயர் கானின். முன்பு பாதிரியாராக இருந்தவர். படத்தை வாங்கியது யார் தெரியுமா? ஜார் குடும்பத்து இளவரசர் ஒருவர். வாங்கித் தன் மாளிகையில் பில்லியார்ட் ஆடும் அறையில் மாட்டினார். இன்னொன்றைக் கவனியுங்கள். வலப்பக்கம் தூரத்தில் சின்னதாகப் புகை தெரிகிறது. அது நீராவிக் கப்பல். இவர்களின் தொழிலையே முடித்துவைக்கப்போகிற இயந்திரம். பெண்கள் இல்லையே என்று ஒரு தங்கை கேட்டாள். இந்தப் படத்தில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த புகைப்படங்களில் பெண்களும் வாரைப் போட்டு இழுக்கிறார்கள்.

அந்த இழுப்புக்காரர்களில் ஒருவரின் பேரன்தான் மாக்சிம் கார்க்கி. 1868இல் வால்காவும் ஓகாவும் சேரும் நீஷ்னி நோவ்கொரத் நகரில் பிறந்தவர். தாத்தா இளவயதில் தோளால் படகிழுத்து இந்த ஆற்றை மூன்று முறை நடந்து கடந்த கதையைப் பேரனுக்குச் சொல்கிறார். கார்க்கி அதை 'எனது குழந்தைப் பருவம்' நூலில் எழுதியிருக்கிறார். அடிக்கிற தாத்தா, பிடிவாதக்காரத் தாத்தா. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் பேரனின் கண்ணுக்கு வேறு மனிதராகிவிடுகிறார். பிறகு கார்க்கி வால்காக் கப்பலில் கோப்பை கழுவும் பையனாக வேலை செய்தார். அங்கே ஸ்மூரி என்ற சமையற்காரர் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வைத்துக்கொண்டு, "வாசி, வாசி" என்று விரட்டியிருக்கிறார். பெரிய பள்ளிக்கூடம் எதுவும் போகாதவருக்குப் பள்ளிக்கூடம் அந்தச் சமையலறை.

நம் அப்பாமார் காலத்தில் தோட்டம் தோட்டமாகக் கைமாறிய 'தாய்' நாவலும் அதே கரையில் பிறந்ததுதான். நீஷ்னிக்குப் பக்கத்தில் சோர்மோவோ என்ற ஆலைக் குடியிருப்பில் 1902ஆம் ஆண்டு மே தினத்தில் தொழிலாளர்கள் செங்கொடியோடு ஊர்வலம் போனார்கள். பிடித்துச் சிறையில் போட்டார்கள். அதை வைத்துத்தான் கார்க்கி நாவலை எழுதினார். தமிழில் தந்தவர் தொ.மு.சி. ரகுநாதன். எழுத்துத் தெரியாத ஒரு அம்மா, மகனின் துண்டுப்பிரசுரத்தைச் சாப்பாட்டோடு ஒளித்து ஆலைக்குள் கொண்டுபோவாள். அந்த இடத்தை வாசிக்கும்போது இங்கே அமர்ந்திருக்கும் சில அம்மாமாருக்குத் தங்கள் வேலைநிறுத்தக் காலம் ஞாபகம் வரும்.

போரைப் பற்றிச் சொல்லாமல் வால்காவைச் சொல்ல முடியாது. 1942 ஆகஸ்ட் 23இல் ஹிட்லரின் விமானங்கள் ஸ்தாலின்கிராட் நகரைக் குண்டு போட்டு எரித்தன. அன்றைக்கே ஜெர்மன் தாங்கிகள் நகருக்கு வடக்கே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டன. பாக்கூ எண்ணெய் வடக்கே போகும் வழி வால்கா. அதை அறுத்தால் நாட்டின் கழுத்தை நெரித்த மாதிரி. நகரம் மேற்குக் கரையில் நீளமாகக் கிடந்தது. பாதுகாத்தவர்களுக்குப் பின்னால் வெறும் தண்ணீர். உணவும் தோட்டாவும் ஆட்களும் இரவோடிரவாக ஆற்றைக் கடந்துதான் வரவேண்டும், காயம்பட்டவர்கள் அதே படகில் போகவேண்டும். ஓட்டியவர்கள் வழக்கமான ஆற்றுத் தொழிலாளர்கள், மீன்பிடிகாரர்கள். செப்டெம்பர் நடுவில் ஒரு படைப்பிரிவின் ஏறத்தாழ 10,000 பேர் குண்டு மழையில் இப்படிக் கடந்தார்கள். அவர்களில் போர் முடிவைக் கண்டவர்கள் சொற்பம். நவம்பரில் மிதக்கும் பனிக்கட்டி படகையும் தடுத்தது. ட்ரக்டர் ஆலையில் தொழிலாளர்கள் வர்ணம் பூசாத தாங்கிகளை அப்படியே வெளியே ஓட்டினார்கள். 1943 பெப்ரவரி 2இல் போர் முடிந்தபோது 90,000க்கும் அதிகமான ஜெர்மானியர் கைதிகள். ஹிட்லர் அதன்பிறகு நிமிரவேயில்லை.

இந்த வீரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மே தின மேடைகளில் சொன்னார்கள், சொல்லவும் வேண்டும். சொல்லாமல் விட்ட ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

1763இல் கத்தரீன் மகாராணி ஜெர்மனியிலிருந்து விவசாயிகளை அழைத்தாள். நிலம் தருகிறோம், வரி இல்லை, படைக்கு ஆள் கேட்கமாட்டோம் என்று வாக்குறுதி. வந்தார்கள், வால்காக் கரைப் புல்வெளியை வயலாக்கினார்கள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1941 ஆகஸ்ட் 28இல் ஒரு கட்டளை வந்தது. நீங்கள் ஜெர்மானியர், எதிரிக்கு உதவுவீர்கள் என்று ஏறக்குறைய 4 இலட்சம் பேரை ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கும் கசக்ஸ்தானுக்கும் அனுப்பினார்கள். 1964 ஆகஸ்டில்தான் அந்தக் குற்றச்சாட்டு தவறு என்று அரசு ஒத்துக்கொண்டது. ஊரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதே 1964 ஒக்டோபரில் இரண்டு பிரதமர்கள் ஒப்பமிட்டு, நம்மவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். தலைமன்னார்க் கப்பலுக்கு உறவினரை அனுப்பி அழுதவர்கள் இன்னும் இந்த லயங்களில் இருக்கிறார்கள்.

ஸ்தாலின்கிராட் போர்க்களத்தில் நின்று செய்தி எழுதிய வசீலி குரோஸ்மன் இரண்டு பக்கத்தையும் ஒரே நாவலில் எழுதினார். 'வாழ்வும் விதியும்' என்று பெயர். 1961இல் இரகசியப் பொலிஸ் வந்து கையெழுத்துப் பிரதியை மட்டுமல்ல, தட்டச்சு ரிப்பனையும் தூக்கிக்கொண்டு போனது. 1964இல் அவர் இறந்தார். புத்தகம் 1980இல் சுவிட்சர்லாந்தில் வெளிவந்தது.

போருக்குப் பிறகு வால்கா அணைகளின் ஆறாகிவிட்டது. அதற்கு முன்பே ரீபின்ஸ்க் நீர்த்தேக்கத்துக்காக மொலோகா என்ற பழைய நகரம் தண்ணீருக்குள் போனது. கட்டியவர்களில் பெரும்பகுதி கைதிகள். நீர் குறையும் வருடங்களில் அந்த நகரின் கற்கள் வெளியே தெரியும். மவுசாக்கலையில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயிலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது புரியும்.

நேரமாகிவிட்டது, மழையும் இறங்கப்போகிறது. இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறோம். கார்க்கியின் 'எனது குழந்தைப் பருவம்' நம்மிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது. அதனால் அடுத்த கூட்டத்தில் தாத்தா படகிழுத்த அத்தியாயத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். அதற்கு முன்னால், நெஞ்சு வாரையும் தலைக் கயிற்றையும் பற்றிச் சொன்ன நம் அம்மாயி, தான் பன்னிரண்டு வயதில் பேர் பதிந்த நாளிலிருந்து சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார். உயர்தரப் பிள்ளைகள் இருவர் கொப்பியோடு வந்து பக்கத்தில் உட்காருங்கள். அவர் பேசுகிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.