இரண்டாம் வட்டை இடுக



இலக்கிய நிகழ்ச்சியிலே கணினி வட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். ஏட்டையும் எழுத்தாணியையும் பற்றிப் பேசினால் இலக்கியம், பிளொப்பியைப் பற்றிப் பேசினால் தொழினுட்பம் என்று வேலி போடுவது எனக்கு உடன்பாடன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது பாடலின் பொருளோடு மல்லாடியது பாதி. தொட்டால் உதிரும் ஓலையோடு மல்லாடியது மீதி. எழுத்து எதிலே குடியிருக்கிறதோ அதன் நோயையும் தமிழ் படித்தவன் தெரிந்துவைத்திருக்கத்தான் வேண்டும்.

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதியிலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போனவர்கள் போக, ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று போனவர்கள் அங்கே ஊர்ச்சங்கங்களை அமைத்தார்கள். கும்பாபிஷேக மலர், பாடசாலை நிறைவு விழா மலர் என்று வெளியிட்டார்கள். யாழ்ப்பாணத்திலே மின்சாரமின்றி, அப்பியாசக் கொப்பித் தாளிலே பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்த காலம் அது. வெளியே இருந்தவர்களுக்குக் கணினி கிடைத்தது. பாமினி எழுத்துருவும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் கிடைத்தன. எங்கள் ஊர்களின் கதை அதனாலே பிளொப்பிக்குள் போய்ச் சேர்ந்தது. அச்சுப் பிரதிகள் கைமாறிக் கைமாறித் தொலைந்தன. பிளொப்பிகள் யாரோ ஒருவருடைய அலுமாரியின் அடித்தட்டிலே கிடந்துவிட்டன.

அப்படிக் கிடந்த ஒரு கற்றையைப் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். பெரும்பகுதி மென்பொருளை நிறுவுவதற்கான வட்டுகள். மூன்று வட்டுகள் மட்டும் மலருக்குரியவை. ஊரின் குறிச்சிப் பெயர்களைப் பற்றிக் காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய நீண்ட கட்டுரை அந்த மலரிலே உண்டு என்று பலர் சொல்லக் கேட்டிருந்தேன். கட்டுரையைக் கண்ணாற் கண்டவரை மட்டும் ஊரிலே காணவில்லை.

முதலில் வட்டின் உடல்நலம். உப்புக்காற்றும் ஈரமும் பட்ட இடத்திலிருந்த பிளொப்பியின் உலோக மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே கறுப்புப் படலத்திலே வெண்பூஞ்சை வட்டமிட்டிருந்தால் இயக்கியிலே செருகவே கூடாது. வாசிக்கும் தலை பூஞ்சையை இழுத்துப் படலத்தையே சுரண்டிவிடும். முதலில் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைப்பித்தாக வேண்டும். அடுத்தது எழுத்துத்தடை. மூன்றரை அங்குல வட்டிலே மூலைத் துவாரம் திறந்திருந்தால் அதன்மேல் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குல வட்டிலோ விளிம்பு வெட்டை மூடினால்தான் எழுத முடியாது. ஒன்றுக்கொன்று நேர்மாறு. இப்படி வைத்த புண்ணியவான்கள் யாரோ!

பிறகு வட்டின் படிமத்தை எடுக்க வேண்டும். வட்டிலுள்ள கோப்புகளை மட்டும் ஒரு மடிப்பிலே இழுத்துப் போடுவது வேறு, வட்டை முதற் கூற்றிலிருந்து கடைசிக் கூறுவரை அப்படியே ஒரு கோப்பாக்குவது வேறு. 1.44 மெகாபைட் வட்டின் படிமம் சரியாக 1,474,560 பைட் இருக்கும். 720 கிலோபைட் வட்டானால் 737,280. ஒன்று குறைந்தாலும் ஏடு முழுதாக வரவில்லை என்று அறிக. பாதிப் பிழைகளை இந்த எண்ணைப் பார்த்தே பிடித்துவிடலாம்.

இனி எமியுலேற்றர். கூத்திலே இன்றைய மனிதர் அன்றைய அரசனாக வேடங்கட்டுவது போல, இன்றைய கணினி 1992ஆம் ஆண்டுக் கணினியாக வேடங்கட்ட உதவும் மென்பொருள் இது. டொஸ்பொக்ஸ், 86பொக்ஸ் என்று பல உண்டு. இந்த வேடம் எதற்கு? பிற்காலத்து இன்டிசைன் மென்பொருளின் சில பதிப்புகள் பேஜ்மேக்கர் 6.0இலும் அதன் பின்னரும் செய்த கோப்புகளைத்தான் திறந்தன. அதற்கு முற்பட்ட கோப்பென்றால் பழைய பேஜ்மேக்கரையே எழுப்பியாக வேண்டும். எழுத்தை மட்டும் பிய்த்தெடுத்தாற் போதாதா என்றால், பாமினியிலே அம்மா என்பது ஆங்கிலத்து எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். அதை மாற்றிவிடலாம். எந்தப் பந்தி எந்தப் பக்கத்துக்குரியது என்பது அப்படிக் கிடைக்காது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. முதலாம் வட்டை வாசித்து முடித்ததும் இரண்டாம் வட்டை இடுக என்று திரை கேட்கும். நீங்கள் இடுவீர்கள். அது திரும்பவும் இரண்டாம் வட்டை இடுக என்று கேட்கும். எத்தனை தரம் இட்டாலும் அதே பல்லவி.

காரணத்தை எங்கள் புராணபடனத்தை வைத்துச் சொன்னால் விளங்கும். கந்தபுராணத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்லுவார். வாசிப்பவர் சத்தமில்லாமல் வேறொரு ஏட்டை மாற்றிவைத்தால் பயன் சொல்லுபவர் என்ன செய்வார்? காதிலே விழுந்த பழைய பாட்டுக்கே பயன் சொல்லிக்கொண்டிருப்பார். டொஸ் அப்படிப்பட்டது. வட்டின் கோப்புப் பட்டியலை ஒருதரம் வாசித்து நினைவிலே வைத்துக்கொள்ளும். உண்மையான இயக்கியிலே வட்டை வெளியே இழுத்தால், வட்டு மாறிவிட்டது என்ற சமிக்ஞை ஒரு கம்பி வழியே போகும். பழைய 360 கிலோபைட் இயக்கிகளிலே அந்தக் கம்பியும் இல்லை. கழிந்த நேரத்தையும் வேறு அடையாளங்களையும் கொண்டு டொஸ் ஊகிக்கும். ஊகம் பிழைத்தால் பழைய வட்டின் பட்டியலைப் புதிய வட்டின் தலையிலே எழுதிவிடும். அந்த வட்டின் கதை அதோடு சரி.

கொமடோர் 64 கணினியின் 1541 இயக்கி இன்னும் விநோதமானது. எழுத்துத்தடையைப் பார்க்கும் ஒளிக்கதிரை, வெளியே இழுக்கப்படும் வட்டின் உடல் கடந்துபோவதைக் கொண்டே வட்டு மாறியதை அது உணர்ந்தது. மனிதக் கைக்கு இரண்டு மூன்று வினாடி தேவை. அந்த இடைவெளியே அதற்குச் செய்தி. எமியுலேற்றரிலே கண்ணிமைக்குமுன் படிமத்தை மாற்றினால் அந்தச் செய்தி தவறிப் போகக்கூடும். ஆகவே பழைய படிமத்தை முதலில் கழற்றுங்கள். ஒரு மூச்சு விடுங்கள். பிறகு புதியதைப் பூட்டுங்கள். 86பொக்ஸிலும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

டொஸ்பொக்ஸிலே முறை வேறு. தேவையான படிமங்கள் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே ஒரே கட்டளையிலே வரிசையாகக் கொடுத்துவிட வேண்டும். கன்ட்ரோல் விசையோடு எஃப் 4ஐ அழுத்த ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும். இடையிலே புதிதாக ஒன்றைப் பூட்ட நினைத்தால், நிறுவும் நிரல் திரையைப் பிடித்துக்கொண்டிருக்கையில் கட்டளை இட இடமில்லை. விசை வேலைசெய்யவில்லை என்று பலர் குறைப்படுவார்கள். சில லினக்ஸ் மேசைத்தளங்கள் அதே விசையைத் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டு நான்காம் மேசைக்குத் தாவிவிடும். சில மடிக்கணினிகளிலே கூடவே எஃப்என் விசையையும் அழுத்த வேண்டும். கன்ட்ரோலோடு எஃப் 1ஐ அழுத்தினால் வரும் பலகையிலே வேறு விசையை அமைத்துக்கொள்ளலாம்.

பேஜ்மேக்கர் இப்படியே எழுந்துவிட்டது. மலர்தான் எழவில்லை. மூன்று வட்டுகளையும் வரிசையாக வைத்து முதலாவதைக் கொடுத்தோம், ஏற்கவில்லை. பெரிய கோப்பை பி.கே. ஸிப் என்ற நிரலால் மூன்று வட்டுகளுக்குப் பகுத்து அடக்கியிருந்தார்கள். அந்த நிரல் பொருளடக்கத்தைக் கடைசி வட்டிலேதான் எழுதும். ஆகவே கட்டவிழ்க்கும்போது கடைசி வட்டை முதலில் கேட்கும். பிறகுதான் ஒன்று, இரண்டு என்று வரும். எங்கள் புத்தகங்களிலே பொருளடக்கம் முன்னே நிற்கும், இங்கே பின்னே. இது தெரியாமல் வட்டு பழுது என்று வீசியவர்கள் எத்தனை பேரோ.

இன்னொன்று. ஒவ்வொரு வட்டுக்கும் வரிசை எண்ணோடு ஒரு பெயரை அந்த நிரல் வட்டுக்குள்ளேயே எழுதிவைக்கும். அந்தப் பெயரைக் கொண்டுதான் எது எத்தனையாம் வட்டு என்று அறியும். கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் பெயர் கூட வராது; இது நான் கேட்ட வட்டன்று என்று மறுத்துவிடும். படிமம் எடுத்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் 3.1 போன்ற சிலவற்றை எல்லா வட்டையும் ஒரே மடிப்பிலே கொட்டி நிறுவலாம் என்பது உண்மை. அதைப் பார்த்து எல்லாவற்றையும் அப்படிக் கொட்டலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாம் வட்டு படித்தது. முதலாம் வட்டும் படித்தது. இரண்டாம் வட்டிலே சில கூறுகள் திரும்பத் திரும்பப் பிழை காட்டின. இயக்கியை மாற்றினோம். வேறொரு நாள், வேறொரு இயக்கியிலே, ஒரு கூறைத் தவிர மற்றவை வந்தன. அந்த ஒரு கூறு 512 பைட். அது எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் விளம்பரப் பக்கத்துப் படமொன்றிலே. கடைக்காரர் மன்னிக்க வேண்டும். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. குறிச்சிப் பெயர்க் கட்டுரை பதினொரு பக்கமும் திரையிலே விரிந்தது. இன்று பனங்கூடலாகிவிட்ட இடங்களுக்கு அதிலே பெயர் இருக்கிறது. பெயருக்குக் காரணமும் இருக்கிறது.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலே ஈழத்துப் பிரசுரங்கள் பெருமளவிலே சேர்ந்துள்ளன. ஊர் மலரின் அச்சுப் பிரதி வைத்திருப்பவர்கள் அத்தகையோரிடம் சேர்ப்பியுங்கள். பிளொப்பி வைத்திருப்பவர்கள், மலர் வட்டுகளை மட்டும் தெரிந்தெடுத்து மென்பொருள் வட்டுகளைக் குப்பையிலே போடாதீர்கள், இரண்டும் வேண்டும். மேலே ஒட்டிய தாள் கழன்றுவிட்டால் அந்தந்த வட்டோடு நூலாலே கட்டிவையுங்கள். யாரோ ஒருவர் பேனையால் எழுதிய இரண்டு, மூன்று என்ற எண்தான் அடுத்து எதை இடுவது என்று எங்களுக்குச் சொன்னது.